பெயர் ஒருவருடையது, பொருள் மற்றொருவருடையது

சத்தியாணுவிரதத்திற்கு நேரக்கூடிய ஐந்து அதிசாரங்களுள் கூடலேகம் என்பது ஒன்று. பொய்யோலை எழுதுதல் என்று அதற்குப் பொருள் கூறுவர். தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாதியும், இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரரும் இதனைக் குறித்துள்ளனர். சிறுவர்களுக்கு இதனைச் சொல்லும்போது, பத்திரத்தைத் திருத்துகிறவனையும் பிறருடைய கையெழுத்தை இடுகிறவனையுமே நான் எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கம். தன் சொந்தக் கையெழுத்தையே ஒருவர் பொய்யாக இடக்கூடும் என்பது எனக்கு 67ஆம் வயதில்தான் விளங்கிற்று.

2012இல் என் தங்கை மகன் பவானியில் தன் ஜமுக்காள வியாபாரத்தைத் தனியார் நிறுவனமாகப் பதிவு செய்தான். அத்தகைய நிறுவனத்திற்கு இயக்குநர் இருவரேனும் இருத்தல் வேண்டும். “பெரியம்மா, உங்கள் பெயர் மட்டும் இருந்தால் போதும், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றான். காட்டிய இடங்களிலெல்லாம் கையொப்பமிட்டேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், தோழிக்காக வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்ட மாணவியை ஒரு நாள் முழுதும் வகுப்பறைக்கு வெளியே நிறுத்தியவள் நான்.

இரண்டாண்டுகளில் வியாபாரம் ஓய்ந்தது. கணக்குகளை எவரும் தாக்கல் செய்யவில்லை. மூன்று நிதியாண்டுகள் தொடர்ந்து இவ்வாறு தவறிய நிறுவனத்தின் இயக்குநர் ஐந்தாண்டுகள் தகுதி இழப்பார் என்பது 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் விதி. 2017இல் மத்திய அரசு 2 இலட்சத்திற்கும் மேற்பட்ட நிறுவனங்களைப் பதிவேட்டிலிருந்து நீக்கி, 3 இலட்சத்திற்கும் மேற்பட்ட இயக்குநர்களைத் தகுதி நீக்கம் செய்தது. அப்பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அவமானமாக இருந்தது உண்மை. ஆனால் அதற்கு முன்பே வேறொன்று நிகழ்ந்திருந்தது. கூலி பாக்கி கேட்டு ஒரு நெசவாளர் தம் மனைவியுடன் என் வீட்டு வாசலுக்கு வந்தார். “டீச்சரம்மா பேரு இருக்குதுன்னுதானுங்க நம்பி நெஞ்சு குடுத்தோம்” என்றார் அந்த அம்மாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. ஓய்வூதியத்திலிருந்து அந்தப் பாக்கியைத் தீர்த்தேன். இதனைத் தானக் கணக்கில் எழுத இயலாது. அது தாமதமாகக் கொடுக்கப்பட்ட கூலியே.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என்னும் மூவகையாலும் வினை வந்து சேரும் என்று நாம் சிறு வயது முதலே கற்றுள்ளோம். ஒரு காசும் நான் எடுக்கவில்லையே என்று என்னைத் தேற்றிக்கொண்டபோதெல்லாம் இந்த மூன்றாவது சொல் குறுக்கே வந்து நின்றது.

நீக்கப்பட்ட நிறுவனங்கள் எல்லாம் எங்களுடையது போல் அசட்டையால் முடங்கியவை அல்ல. 2016இல் பணமதிப்பு நீக்கம் வந்தபின், அவற்றுள் சுமார் 35,000 நிறுவனங்களின் வங்கிக் கணக்குகளில் 17,000 கோடி ரூபாய்க்கு மேல் செலுத்தி எடுக்கப்பட்டதாக அரசு அறிவித்தது. ஆகவே 2018இல் புதிய விதிகள் வந்தன. எட்டு இலக்க அடையாள எண் பெற்ற இயக்குநர் ஒவ்வொருவரும் தம் சொந்தக் கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் தந்து, அவற்றிற்கு வரும் கடவெண்ணால் தம்மை உறுதி செய்தல் வேண்டும். தவறினால் அந்த எண் முடக்கப்படும், மீட்க 5,000 ரூபாய் கட்டணம். இங்கிலாந்திலும் 2025 நவம்பர் 18 முதல் இயக்குநர்களுக்கு இத்தகைய சரிபார்ப்பு கட்டாயமாகியுள்ளது.

“என் கைப்பேசி எண்ணையே உங்களுக்கும் போட்டுவிடலாம், பெரியம்மா” என்றான் அவன். மறுத்துவிட்டேன். கடவெண் என் கைப்பேசிக்கே வந்தது. அதைப் படித்துச் சொல்லும்போது தோன்றிற்று: நான் நான்தான் என்பதை இந்த எண் மெய்ப்பிக்கும், நான் எதற்குப் பொறுப்பேற்றேன் என்பதை அறிந்திருந்தேனா என்று அது கேட்பதில்லை.

அந்தக் கேள்விக்குச் சற்று அருகில் வருவது அதே ஆண்டு வந்த மற்றொரு விதி. பிறர் பெயரின் வழியாகப் பத்து விழுக்காட்டிற்குக் குறையாத பங்கை அனுபவிப்பவரும், பெயரே இன்றி நிறுவனத்தை ஆட்டிவைப்பவரும் தம்மை அறிவித்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. பரிக்கிரகம் என்பது பெட்டியில் உள்ள பொருளன்று, மனத்தின் பற்றே என்று உமாசுவாதி வரையறுத்தார். பரிக்கிரக பரிமாண விரதம் ஏற்றவர் தம் மிகுதியை மனைவி பெயருக்கு மாற்றி எழுதிவிட்டு எல்லைக்குள் நிற்பதாகச் சொல்லிக்கொள்வதை நான் கண்டதுண்டு. பினாமிச் சட்டம் 1988இல்தான் வந்தது; நம் ஆசாரியர்கள் மிகவும் முந்திக்கொண்டார்கள்.

குப்த தானத்தைப் போற்றும் நாமே பெயர் மறைப்பதைக் குறை கூறலாமா என்று ஓர் அன்பர் கேட்டார். நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். மறைவாகக் கொடுப்பவர் புகழைத் துறக்கிறார். அவரிடம் கணக்குக் கேட்க வேண்டியவர் எவருமில்லை. மறைவாகக் கொள்பவரோ, கூலி கேட்டு வருபவர் எந்த வாசலுக்குச் செல்வது என்பதையே மறைத்துவிடுகிறார்.

சரிபார்ப்பில் துன்பமும் உண்டு. தேய்ந்த விரல்களின் ரேகையை இயந்திரம் ஏற்காமல் முதியோர் திரும்பி வருவதைக் காண்கிறோம். நேர்மையானவரையும் ஐயத்துடன் நோக்கும் முறை என்று வருந்துவோரின் கூற்றை நான் தள்ளவில்லை. ஆயினும் அந்த அம்மாள் என் வாசலில் நின்றதை நினைக்கும்போது, ஐயப்பட அவருக்கு உரிமை இருந்தது என்றே எண்ணுகிறேன்.

தங்கை மகன் இப்போது மீண்டும் ஒரு நிறுவனம் தொடங்குகிறான். என் தகுதி நீக்கக் காலம் முடிந்துவிட்டது. மீண்டும் இரண்டாம் இயக்குநராக இருக்கக் கேட்டான். மாதந்தோறும் கணக்கை என்னிடம் வாசித்துக் காட்டுவாயா, நெசவாளர் கூலிப் பட்டியலையும் சேர்த்து, என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகக் கூறிச் சென்றிருக்கிறான். படிவங்கள் என் மேசைமேல் இருக்கின்றன.