பதினைந்து வயதுக்காரியின் பாக்கி

“பெரியவளாகி என்ன ஆகப்போற?” என்று கேட்காத சொந்தக்காரர் உண்டா? கேட்டவர்களுக்கு நம் பதில் மறுநாளே மறந்துவிடும். பதில் சொன்னவளுக்கு அவ்வளவு சுலபமாக மறப்பதில்லை. அன்று சொன்ன அந்தப் பதில் இன்றைய என்னைக் கட்டுப்படுத்துமா?

டெரக் பார்ஃபிட் என்ற தத்துவ அறிஞர் 1984இல் வெளிவந்த ‘ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்’ நூலில் ஒரு கற்பனைக் கதை சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டு ரஷ்யா. ஓர் இளைஞனுக்குச் சில வருடங்களில் பெரும் நிலம் வரப்போகிறது. அதை விவசாயிகளுக்கே கொடுத்துவிட நினைக்கிறான். ஆனா வயசானா மனசு மாறிடுமோன்னு பயம். இப்போதே பத்திரம் எழுதி, மனைவி சம்மதித்தால்தான் ரத்து செய்யலாம் என்று சேர்க்கிறான். ‘பிற்பாடு நானே வந்து கேட்டாலும் சம்மதிக்காதே’ என்று அவளிடம் வாக்கும் வாங்குகிறான். பின்னாளில் அவனே வந்து கேட்டால், அவள் யார் பேச்சைக் கேட்பது?

இந்த இளைஞன் அபூர்வமானவன். 2013இல் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது; 19,000 பேருக்கும் மேல் கலந்துகொண்டார்கள். போன பத்து வருடத்தில் நிறைய மாறிவிட்டோம், இனி அவ்வளவு மாற மாட்டோம் என்றே எல்லா வயதினரும் நினைத்தார்கள். 15 வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குக் கலெக்டர் ஆகணும். காரில் சுழல்விளக்கு எரியணும். அந்த விளக்கை 2017 மே மாதம் அரசே கழற்றிவிட்டது. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஓபிசி பிரிவினருக்கு வயது வரம்பு 35. எனக்கு இப்போது 36. ஆசைக்கும் காலாவதி தேதி உண்டு என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது.

ஆனால் அந்த ஆசை எங்கிருந்து வந்தது? என் ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்றிதழ் வாங்க அப்பா ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் நடந்தார். அவரைவிட இருபது வயது இளைய ஒருவர் “நாளைக்கு வா” என்றார். அந்த ‘வா’தான் என்னைக் கலெக்டர் ஆக்கப் பார்த்தது. பதவி மேல் இருந்த ஆசையைவிட, என் அப்பாவை யாரும் ‘வா, போ’ன்னு சொல்லக்கூடாது என்ற கோபமே பெரிது.

ஆசைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு காரணமும் இருக்கிறது. காலம் பெயரைத் தள்ளுபடி செய்யலாம். கலெக்டர் ஆகாததற்கு நான் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதவியை நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ரஷ்ய இளைஞனின் நிலம் அப்படியல்ல. அதற்காகக் காத்திருப்பவர்கள் வேறு மனிதர்கள். என் ஆசையின் காரணத்திலும் அப்படி வேறு மனிதர்கள் இருக்கிறார்கள். அதற்கு வயது வரம்பு இல்லை.

இது தோற்றவர்கள் சொல்லிக்கொள்ளும் ஆறுதல்தானே என்று நீங்கள் கேட்கலாம். ஆறுதல் நம்மிடம் எதையும் கேட்காது. இது கேட்கிறது. நான் இன்று ஒரு நகைக்கடன் அலுவலகத்தின் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். காலை பத்து மணிக்குக் கம்மலைத் துணியில் முடிந்துகொண்டு ஒருவர் வந்து நிற்பார். “வாங்க, உட்காருங்க” என்று சொல்ல எந்தத் தேர்வும் எழுத வேண்டாம். கூட்டமான நாளில் அதுகூட நாக்கில் வர மறுக்கும். அப்போதும் சொல்ல வேண்டியிருக்கிறது.

15 வயதில் நீங்கள் என்ன ஆக நினைத்தீர்கள் என்பது எனக்கு முக்கியமில்லை. அப்படி நினைக்கவைத்தது எது? அதைத் தேடிப் பாருங்கள். அந்தக் கடன் இன்னும் அடைபடாமல் இருக்கலாம்.