நூறு மீட்டர்

வீட்டைப் பார்க்க புரோக்கர் எங்களை வரச்சொன்னது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. மணவாள நகரில், திருவள்ளூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரம். இரண்டு பெட்ரூம், மேலே இன்னொரு தளம் எடுக்க விட்டுவைத்த கம்பிகள், உப்பில்லாத போர் தண்ணீர், வாசலில் ஒரு முருங்கை மரம். விலை 39 லட்சம். இதே அளவு வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி 47 லட்சம் சொல்லியிருந்தார்கள். "எதுக்கு சார் எட்டு லட்சம் கம்மி?" என்றேன். "ஓனரம்மாவோட பையன் பெங்களூர்ல செட்டில் ஆயிட்டாரு சார். அவங்களையும் கூட்டிட்டுப் போறாரு. அவசரம்" என்றார்.

பக்கத்துக் கட்டடத்தின் ஷட்டர் இறக்கியிருந்தது. அதற்கு முன்னால் இடுப்புயரத்துக்கு இரும்புக் குழாய்களால் வரிசைத் தடுப்பு. தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன கடை என்று போர்டைப் பார்க்காமலே தெரிந்துவிடும். 2016 மே மாதத்திலிருந்து டாஸ்மாக் கடைகள் பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கின்றன. பத்து மணிக்கு வரச்சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது.

கோபம் வந்திருக்க வேண்டும். நான் மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எட்டு லட்சத்துக்கு இருபது வருடக் கடன் என்றால் மாதத் தவணையில் கிட்டத்தட்ட ஏழாயிரம் ரூபாய். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு ஏழாயிரம் என்பது பாப்பாவின் ஸ்கூல் ஃபீஸ். மனைவி என்னைவிடத் தெளிவாக இருந்தாள். "நான் தினமும் ராத்திரி எட்டரைக்கு டிரெயின்ல வந்து எறங்குறேன். இப்ப இருக்குற வாடகை வீட்டுக்கும் இந்தக் கடை வழியாத்தான் போறேன். பக்கத்துல வீடு வாங்கினா புதுசா என்ன ஆயிடப்போகுது? நடக்குற தூரம் கொறையும், அவ்ளோதான்."

அவள் சொன்னது சரிதான். ஆனால் அந்த வீட்டில் இருக்கப்போவது நாங்கள் மூன்று பேர் மட்டுமில்லை. அப்பாவும் அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறார்கள். அப்பா குடியை விட்டு ஆறு வருடம் ஆகிறது.

*

அப்பா இந்தச் சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்தவர். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் குடிப்பார். கலாட்டா செய்ததில்லை, யாரையும் அடித்ததில்லை. அமைதியாகச் சம்பளத்தைக் கரைத்தார். கணையம் வீங்கி ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்த பிறகு நிறுத்தினார். எப்படி நிறுத்தினார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டால் எதையோ கலைத்துவிடுவோம் என்கிற பயம் எங்கள் வீட்டில் உண்டு.

அவரிடம் மறைத்து வாங்க முடியாது என்பதால் நேராகவே சொன்னேன். சிரித்தார். "கடை பக்கத்துல இருந்தா என்னடா? அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருந்தப்பவே சைக்கிள்ல போயிட்டு வந்தவன் நான். வாங்கணும்னா வாங்கு, வேணாம்னா விடு. என்னை சாக்கு சொல்லாத."

அம்மா அவர் எதிரில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பாத்திரம் தேய்க்கும்போது சொன்னாள். "அவருக்கு போன நாளுங்கதான் ஞாபகம் இருக்கு. கெளம்பிட்டு பாதி வழியில திரும்பி வந்த நாளுங்க எனக்குத்தான் தெரியும். மழை வரும், டயர் பஞ்சராவும், சொந்தக்காரங்க யாராவது எதுர்ல வருவாங்க. சரின்னு திரும்பிடுவாரு. அந்தக் காசுலதான் நான் அரிசி வாங்கியிருக்கேன்."

மன உறுதி என்பதை நாம் ஒருவனுக்குள்ளே இருக்கிற சரக்காகவே பேசுகிறோம். இருப்பவன் தப்பிப்பான், இல்லாதவன் போவான். அப்பா அப்படித்தான் நினைக்கிறார், அப்படி நினைப்பதில்தான் அவருடைய மரியாதையும் இருக்கிறது. ஆறு வருடத்தை அவர் தன் சொந்தச் சம்பாத்தியமாக வைத்திருக்கிறார். அதை மழைக்கும் பஞ்சருக்கும் பங்கு போட அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அம்மா சொன்னதும் உண்மை. தூரம் யாரையும் திருத்துவதில்லை. மனசு மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்கிறது. எல்லா நாளும் மாறாது. மாறுகிற நாளுக்கு அந்தத் தூரம் தேவைப்படுகிறது.

தூரத்தின் அருமை அரசுக்கும் தெரியும். மதுவின் சில்லறை விற்பனையைத் தமிழக அரசு 2003 நவம்பரில் தன் கையில் எடுத்தது. அந்த ஆண்டு வந்த விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கோயில் போன்ற வழிபாட்டு இடங்களிலிருந்தும் கல்வி நிறுவனங்களிலிருந்தும் 50 மீட்டருக்குள் மதுக்கடை வைக்கக்கூடாது. மற்ற ஊர்களில் 100 மீட்டர். இந்தப் பட்டியலில் வீடு இல்லை. பாப்பா பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை அவளுக்கு நூறு மீட்டர் உண்டு, வீட்டுக்கு வந்துவிட்டால் இல்லை. சாமிக்கு உண்டு, சாமி கும்பிட்டுவிட்டு வருகிற அம்மாவுக்கு இல்லை. வீட்டையும் சேர்த்தால் ஊருக்குள் கடை வைக்க இடமே இருக்காது என்பார்கள். அதுவும் உண்மைதான். அப்படியென்றால் கடை யாராவது ஒருவர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும். யார் வீட்டுக்கு என்பதுதான் கேள்வி.

*

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு புரோக்கர் இல்லாமல் தனியாகப் போனேன். தெரு வேறு தெருவாக இருந்தது. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி அடையாள அட்டையைச் சட்டைப்பைக்குள் தள்ளிக்கொண்டு வந்தவர்கள், இந்தியிலும் ஒடியாவிலும் பேசிக்கொண்டிருந்த பையன்கள், மடித்த மஞ்சள் பையோடு அப்பா வயதில் ஒருவர். தள்ளுவண்டியில் அவித்த முட்டையும் சுண்டலும். யாரும் கத்தவில்லை. வரிசையில் நின்ற இரண்டு பேர் என் லைனில் வேலை செய்கிறவர்கள், என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் பார்க்க வந்த வீட்டின் கேட்டை மறித்து நான்கு பைக்குகள்.

வீட்டுக்காரம்மா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து காபி கொடுத்தார். "நாங்க 2009ல வாங்கும்போது பக்கத்துல மாவு மில்லு இருந்துச்சுப்பா. கடை மெயின் ரோட்ல இருந்துச்சு. பதினேழாம் வருஷம்தான் இங்க கொண்டாந்தாங்க. தெருப் பொம்பளைங்க எல்லாரும் போயி நின்னோம். எத்தினி நாளைக்கு நிக்கிறது?"

பதினேழாம் வருஷம் என்று அவர் சொன்னதும் நினைவு வந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. பாலு தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது. சாலை விபத்துகளைக் குறைக்க வந்த நல்ல தீர்ப்பு. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. ஆனால் விற்பனையை யாரும் நிறுத்தச் சொல்லவில்லையே. கடைகளுக்கு ஊருக்குள்ளே, தெருக்களுக்குள்ளே இடம் தேடினார்கள். அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படிப் போராடிய ஒரு பெண்ணைக் காவல்துறை அதிகாரி கன்னத்தில் அறைந்த வீடியோவை நாம் எல்லோரும் பார்த்தோம். அதற்கு இரண்டு வருடம் முன்பு, 2015 ஜூலை 31 அன்று, கன்னியாகுமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரே ஒரு மதுக்கடையை அகற்றக் கோரி செல்போன் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை.

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு 500 மீட்டர் கிடைத்தது. அதை இந்தத் தெரு கொடுத்தது. வீட்டுக்காரம்மா தன் பங்காக எட்டு லட்சம் கொடுத்தார். அதைத்தான் நான் தள்ளுபடி என்று நினைத்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்ததும் புரோக்கருக்கு போன் செய்தேன். "கடையக் காட்டிப் பேசுங்க சார், இன்னும் ரெண்டு லட்சம் எறக்கலாம்" என்றார். "நாளைக்கே கடைய மாத்திட்டாங்கன்னா உங்களுக்கு ஜாக்பாட்." அவர் அறிவுள்ள மனிதர். கடை இருக்கும்போது வாங்கி, கடை போன பிறகு அந்த விலையை அனுபவிப்பது. அப்படியானால் வாங்கிய மறுநாளே நான் செய்யவேண்டிய முதல் வேலை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பது. கடை இருப்பதற்காக விலை குறைத்து வாங்கியவன், கடை இருப்பதைப் பற்றிப் புகார் சொல்லலாமா?

இங்கிலாந்தில் 1879ல் ஒரு வழக்கு. லண்டனில் விக்மோர் தெருவில் ஒரு மிட்டாய்க்காரர் இருபது வருடத்துக்கும் மேலாகப் பெரிய உரல்களில் சர்க்கரையை இடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் இருந்த மருத்துவர் தன் தோட்டத்தின் கோடியில், அந்தச் சமையலறையை ஒட்டியே, நோயாளிகளைப் பார்க்க ஒரு அறை கட்டினார். பிறகு சத்தம் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார். ஸ்டர்ஜஸ் எதிர் பிரிட்ஜ்மன் என்று சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிற வழக்கு. தெரிந்தேதானே பக்கத்தில் வந்தாய் என்ற வாதம் எடுபடவில்லை, மருத்துவர் ஜெயித்தார். அதாவது, பிந்தி வந்தவனுக்கும் புகார் சொல்ல உரிமை உண்டு.

எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் அதே தீர்ப்பில் நீதிபதி தெசிஜர் இன்னொன்றும் சொன்னார். ஒரு இடத்தில் தொல்லையாக இருப்பது இன்னொரு இடத்தில் தொல்லையாக இருக்க வேண்டியதில்லை என்று. உதாரணத்துக்கு இரண்டு பேட்டைகளைச் சொன்னார். ஒன்று பணக்காரர்களின் பெல்கிரேவ் சதுக்கம். இன்னொன்று தோல் பதனிடும் பெர்மண்ட்ஸி. நம் 2003 விதிகளிலும் அதே வாசனை உண்டு. வணிகப் பகுதி, தொழிற்பகுதி என்று திட்டக் குழுமம் வகைப்படுத்திய இடங்களில் அந்த 50, 100 மீட்டர் கட்டுப்பாடுகூடப் பொருந்தாது. உழைக்கிறவர்கள் இருக்கிற இடத்தில் தொல்லைக்கு அளவுகோல் வேறு. மணவாள நகரிலிருந்து விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவனுக்கு இது புதுச் செய்தி இல்லை.

2023 ஜூனில் அரசு 500 கடைகளை மூடியது. மூடிய பிறகும் 4,800க்கு மேல் இருந்தன. 2023–24ல் மதுவிலிருந்து அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கும் அதிகம். அம்மா கட்டணமில்லாமல் ஏறுகிற டவுன் பஸ்ஸுக்கும் அதே கஜானாதான். வரவில் நாம் எல்லோரும் அந்தக் கடைக்குப் பக்கத்து வீடு. செலவில் மட்டும் சிலர் பக்கத்து வீடு. மற்றவர்கள் தூரத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறோம்.

*

நானும் வாங்கினேன். இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த வீட்டையே 45½ லட்சத்துக்கு முடித்தோம். அம்மாவின் வளையல்கள் போயின. கடையிலிருந்து எங்கள் வாசல் வரை மொபைலில் அளந்து பார்த்தேன், 340 மீட்டர். அப்பாவிடம் ஸ்டேஷனுக்கு அந்த வீடு ரொம்பச் சத்தம் என்று மட்டும் சொன்னேன். அவர் நம்பவில்லை. என்னைச் சாக்கு சொல்லிவிட்டாய் என்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அவருடைய ஆறு வருடத்தை நான் நம்பவில்லை என்று அவருக்குப் பட்டிருக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தினமும் ஆறரைக்கு வாக்கிங் போகிறார், ஏழேகாலுக்குத் திரும்புகிறார். அம்மா கடிகாரத்தைப் பார்க்காத மாதிரி பார்க்கிறாள்.

நாங்கள் விட்ட வீடு காலியாக இல்லை. வாங்கியவர் மேல்தளம் எடுத்து, அறை அறையாகத் தடுத்து, வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். கீழே ஒரு குடும்பம். அந்தப் பெண் ராத்திரி எட்டு மணிக்குக் கைக்குழந்தையோடு படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபடி நானும் மனைவியும் நடந்து வருகிறோம். முருங்கை மரத்தை வெட்டிவிட்டார்கள். நான் வேண்டாம் என்று சொன்னதால் அந்த இடத்தில் வாழவேண்டிய கட்டாயம் உலகத்திலிருந்து போய்விடவில்லை. வேண்டாம் என்று சொல்ல முடியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது.

போன மாதம் எங்கள் தெருவில் ஒரு மனுவோடு வந்தார்கள். கடையை வேறு இடத்துக்கு மாற்றித் தரவேண்டும் என்று எழுதியிருந்தது. "எந்த எடத்துக்கு?" என்று கேட்டேன். "எங்கயாவது ஊருக்கு வெளிய" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். மூட வேண்டும் என்று எழுதலாமே என்றேன். "மூடச் சொன்னா கெடப்புல போட்டுடுவாங்க தம்பி. மாத்தச் சொன்னாத்தான் நடக்கும்." அவருக்கு அனுபவம் உண்டு. ஊருக்கு வெளியே என்பது யாரோ சிலருக்கு ஊர் என்று சொல்ல வாயெடுத்தேன். படியில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினீர்களா என்று மட்டும் கேட்டேன். "அவங்க இந்த ஊரு இல்லையே" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். மாற்ற என்ற சொல்லை அடிக்காமலேயே போட்டேன்.