ஒரு பக்திமானின் சட்டம்

பர்மா விடுதலை அடைந்தது விடியற்காலை 4 மணி 20 நிமிடத்துக்கு. 1948 ஜனவரி 4ஆம் நாளின் அந்த வேளையைக் குறித்துக் கொடுத்தவர்கள் ஜோதிடர்கள். முதல் பிரதமர் ஊ நூவுக்கு அப்போது வயது நாற்பது. இளமையில் இடதுசாரி நூல்களைப் பரப்பிய நாகானி புத்தகக் கழகத்தை நண்பர்களோடு தொடங்கியவர், நாடகம் எழுதியவர், டேல் கார்னகியைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக ஆழ்ந்த பௌத்தர். பதவியேற்ற அதே ஆண்டில் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் தூக்கினார்கள். அடுத்த ஆண்டு கரேன் மக்களின் படைகள் ரங்கூனின் வாசல்வரை வந்து நின்றன. அந்த நெருக்கடியில் அவர் பிரம்மச்சரிய விரதம் பூண்டார்.

இப்படிப்பட்ட ஒருவரிடம் புதிதாய்ப் பிறந்த ஒரு நாடு ஒப்படைக்கப்படும்போது ஒரு பழைய கேள்வி புது வடிவம் எடுக்கிறது. நாட்டை ஆள்பவர் தன் பக்தியை என்ன செய்வது? வீட்டிலேயே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு வரச் சொன்னால், அது அவரைப் பாதி மனிதராக வரச் சொல்வது போலாகும். கூடவே கொண்டுவரட்டும் என்றால், அதே தெய்வத்தை வணங்காத குடிமகன் அந்த அலுவலகத்தில் எந்த இடத்தில் நிற்பான்? மதச்சார்பின்மை பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பக்தியை வேஷமாகப் போட்டவர்களை உதாரணம் காட்டுகிறார்கள். அது எளிய வழக்கு. போலியைக் கண்டிக்கத் தத்துவம் தேவையில்லை. ஊ நூவின் பக்தியில் போலி கிடையாது. அதனால்தான் அவருடைய கதையைக் கவனமாகப் படிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அவர் பக்க நியாயம். பர்மிய அரசர்கள் பல நூற்றாண்டுகளாகப் புத்த சாசனத்தின் காவலர்களாக இருந்தவர்கள். மாண்டலேயில் மின்டோன் மன்னர் திரிபிடகம் முழுவதையும் 729 பளிங்குக் கற்களில் பொறித்து நிறுத்தினார். 1871இல் ஐந்தாம் பௌத்த சங்காயனத்தை, அதாவது மூலநூல்களை ஓதிச் சரிபார்க்கும் பிக்குகளின் பேரவையைக் கூட்டினார். அவருடைய மகன் தீபா மன்னரை 1885இல் ஆங்கிலேயர் பிடித்து, மாட்டு வண்டியில் ஏற்றி, கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பி ரத்னகிரியில் வைத்தார்கள். பர்மியர்கள் அன்று ஓர் அரசரை மட்டும் இழக்கவில்லை. பிக்குகளின் ஒழுங்கைக் காத்து, மடங்களுக்குத் துணை நின்ற ஒரு கையும் போயிற்று. வெள்ளைக்காரர்கள் செருப்புக் காலோடு பகோடாக்களுக்குள் நடந்தார்கள். பர்மிய தேசியத்தின் முதல் பெரிய கிளர்ச்சிகளில் ஒன்று இந்தச் செருப்பை எதிர்த்துத்தான் எழுந்தது. யார் எப்படி உள்ளே வரலாம் என்பதை அந்தந்தப் பகோடாவின் தலைமைப் பிக்குவே முடிவு செய்யலாம் என்று அரசாங்கம் 1919இல் இறங்கி வந்தது.

ஆக, விடுதலை என்றால் சாசனத்துக்கும் விடுதலை என்று ஒரு விவசாயி நினைத்தால் அதில் வியப்பில்லை. அந்த நினைப்பை மூடத்தனம் என்று ஒதுக்குவதும் சரியில்லை.

ஆனால் புதிய பர்மா பழைய அரசர்களின் பர்மா அல்ல. மலைகளில் கச்சின்களும் சின்களும் இருந்தார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். கரேன்களில் பௌத்தர்களே அதிகம் என்றாலும் தலைமை பாப்டிஸ்ட் சபையினரிடம் இருந்தது. அரக்கானில் முஸ்லிம்கள். ரங்கூனில் தமிழர், தெலுங்கர், குஜராத்தியர் என்று இந்துக்களும் முஸ்லிம்களும். இவர்களில் மலைநாட்டாரை ஒரே நாட்டுக்குள் கொண்டுவந்தது 1947 பிப்ரவரியில் பாங்லோங்கில் விடுதலை இயக்கத் தலைவர் ஆங் சான் செய்துகொண்ட ஒப்பந்தம். ஷான், கச்சின், சின் தலைவர்கள் அவருடைய வாக்கை நம்பிக் கையெழுத்திட்டார்கள். மதத்தை அரசியலோடு கலக்கக் கூடாது என்பதில் ஆங் சான் உறுதியாக இருந்தார். ஐந்தே மாதத்தில், ஜூலை 19 அன்று, அமைச்சரவைக் கூட்டத்தில் வைத்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரோடு செத்துவிழுந்தவர்களில் கல்வி அமைச்சர் அப்துல் ரசாக்கும் ஒருவர். இந்திய முஸ்லிம் தந்தைக்கும் பர்மிய பௌத்தத் தாய்க்கும் பிறந்தவர்.

அவர்கள் போன பிறகு முடிவான 1947 அரசியல் சட்டம் ஒரு சமரசத்தில் நின்றது. பெரும்பான்மையினரின் மதம் என்ற வகையில் பௌத்தத்துக்குத் தனிச்சிறப்பான இடம். இஸ்லாம், கிறிஸ்தவம், இந்து சமயம், ஆவி வழிபாடு ஆகியவற்றுக்கும் அங்கீகாரம். அயர்லாந்தின் 1937 அரசியல் சட்டம் கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கொடுத்த இடத்தின் மாதிரி அது. அதே பிரிவிலேயே, அரசியல் நோக்கத்துக்காக மதத்தைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்ற தடையும் இருந்தது. உரசல் நிறைந்த வாசகம்தான். என்றாலும் அதற்குள் எல்லோரும் குடியிருக்க முடிந்தது.

ஊ நூ முதல் பத்து ஆண்டுகளில் செய்த சமயப் பணிகளைப் பார்த்தால் பிரமிப்பு வரும். 1950இல் புத்த சாசன மன்றம். ரங்கூனுக்கு வடக்கே காபா ஏ பகோடா. அதன் பக்கத்தில், முதல் சங்காயனம் நடந்த குகையை நினைவூட்டிப் பத்தாயிரம் பேர் அமரக்கூடிய ஒரு செயற்கைக் குகை. 1954 மே முதல் 1956 மே வரை, புத்தர் பரிநிர்வாணம் அடைந்து 2500 ஆண்டு நிறைவை ஒட்டி, அங்கே ஆறாம் சங்காயனம் கூடியது. பர்மா, இலங்கை, தாய்லாந்து, கம்போடியா, லாவோஸ் உள்ளிட்ட நாடுகளின் 2500 பிக்குகள் பாலி மூலத்தை ஓதி, ஒப்பிட்டு, திருத்தமான பதிப்பை உண்டாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் பாலி அறிஞர்கள் கையாளும் பதிப்புகளில் அதுவும் ஒன்று. உள்நாட்டுப் போர் ஓயாத ஓர் ஏழை நாடு இதைச் செய்தது.

சிக்கலின் முதல் அறிகுறி 1954இல் பள்ளிக்கூடத்தில் தெரிந்தது. அரசுப் பள்ளிகளில் பௌத்தம் கற்பிக்கலாம் என்று முடிவாயிற்று. அப்படியானால் முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாமும் கிறிஸ்தவப் பிள்ளைக்குக் கிறிஸ்தவமும் கற்பிப்பதுதான் நியாயம் என்று ஊ நூ கருதினார். பிக்குகள் கொதித்தார்கள். அவர் எல்லா மதங்களின் பாடத்தையும் நிறுத்தினார். அந்தச் சிறு பூசலில் எல்லாமே அடங்கியிருந்தது: பெரும்பான்மைக்கு உரிமையாகத் தோன்றியது சிறுபான்மைக்கும் கிடைக்கும்போது, பெரும்பான்மைக்கு அது இழப்பாகத் தோன்றியது. இந்தப் பாடத்தை ஊ நூ படித்துக்கொள்ளவில்லை என்பதுதான் பெரிய வருத்தம்.

1958இல் ஆளும் கூட்டணி உடைந்தது; தளபதி நே வின் இடைக்கால அரசு நடத்தினார். 1960 பிப்ரவரித் தேர்தலில் ஊ நூ பௌத்தத்தை அரசு மதமாக்குவேன் என்று வாக்குறுதி கொடுத்தார். அவர் கட்சியின் வாக்குப்பெட்டி மஞ்சள் நிறம், பிக்குகளின் சீவர நிறம். அதில் அவருடைய படம். வெற்றி பெருவெள்ளமாக வந்தது.

சொன்னபடியே 1961 ஆகஸ்டில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. பௌத்தம் அரசு மதமாயிற்று. உபோசதம் என்னும் பௌத்த விரத நாட்களில் அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை. பள்ளிகளில் பௌத்த போதனை. பசுவதைக்கும் தடை வந்தது. நாடாளுமன்றத்தில் ஊ நூ முன்வைத்த வாதம் நேர்மையானது. இந்த ஒரு பிறவியின் சில ஆண்டுகளுக்காக அரசு மருத்துவமனை கட்டுகிறது, பள்ளி நடத்துகிறது. எண்ணற்ற பிறவிகளுக்குப் பயன்படும் ஒன்றை மட்டும் ஏன் கைவிட வேண்டும்? இதுதான் அவர் கேட்டதன் சாரம்.

இந்த வாதத்தைச் சிரித்து ஒதுக்கக் கூடாது. பதில் சொல்ல வேண்டும். மருத்துவமனையின் மருந்து கச்சின் உடம்பிலும் பர்மிய உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்யும். புண்ணியம் அப்படிச் செய்யாது. அதைச் செய்கிறவனின் மனம்தான் அதன் உயிர். எண்ணத்தையே வினை என்கிறது பௌத்தம். அப்படியென்றால், வரிப்பணத்தில் கட்டிய கோயிலில் ஒரு கிறிஸ்தவ ஆசிரியரின் வரி கலந்திருந்தால், அந்தப் பங்குக்கு எந்த எண்ணம் இருந்தது? கட்டாயமே இருந்தது. அரசின் கையில் போனதும் தானம் வரியாகிறது. விரதம் விடுமுறை ஆணையாகிறது. ஊ நூவின் சொந்த மதமே, அதன் சொந்த அளவுகோலாலேயே, அவர் வாதத்தை மறுக்கிறது. அசோகர் தருமத்தைக் கல்லில் வெட்டிப் பரப்பினார். அந்தக் கல்வெட்டுகளிலேயே பிற சமயத்தாரை மதிக்கச் சொன்னார். தன் சமயத்தைப் புகழ்வதற்காகப் பிறர் சமயத்தை இகழ்பவன் தன் சமயத்துக்கே கேடு செய்கிறான் என்றும் எச்சரித்தார்.

மலைநாட்டார் இதை வேறு விதமாகக் கேட்டார்கள். பாங்லோங்கில் தாங்கள் சேர்ந்த நாடு இதுதானா? சீனாவோடு 1960இல் செய்த எல்லை உடன்பாட்டில் கச்சின் கிராமங்கள் கைமாறியதும், அரசு மத வாக்குறுதியும் சேர்ந்து அவர்கள் கோபத்தை வளர்த்தன. 1961 பிப்ரவரியில் கச்சின் விடுதலைப் படை பிறந்தது. அந்தப் போர் இன்னும் ஓயவில்லை.

ஊ நூ இந்தக் குரலைக் கேட்டார். அதை அவருக்குச் சேர வேண்டிய பெருமையாகவே சொல்ல வேண்டும். அரசு மதச் சட்டம் நிறைவேறிய மறுமாதமே, பிற மதத்தினர் தங்கள் மதத்தைக் கற்பிக்கும் உரிமையைக் காக்கும் இன்னொரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். பிக்குகள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள்; அவர் விட்டுக்கொடுக்காமல் நிறைவேற்றினார். நவம்பரில் ரங்கூனின் புறநகரான வடக்கு ஒக்கலப்பாவில் பள்ளிவாசல்கள் எரிந்தன. யாரைக் காப்பதாகச் சட்டம் சொன்னதோ அவர்களைச் சட்டத்தால் காக்க முடியவில்லை. பெரும்பான்மையின் மனத்தில், நாடு எங்களுடையது என்ற எண்ணத்தை முதல் திருத்தம் ஊன்றிவிட்டது. இரண்டாவது திருத்தத்தால் அதைப் பிடுங்க முடியவில்லை. அவர் நல்லவர் என்பதற்கு இரண்டாவது திருத்தம் சான்று. முதல் திருத்தம் தவறு என்பதற்கும் அதுவே சான்று.

1962 மார்ச் 2 அன்று நே வின் ஆட்சியைப் பிடித்தார். ஊ நூ சிறைக்குப் போனார். முதல் குடியரசுத் தலைவராக இருந்த ஷான் தலைவர் சாவ் ஷ்வே தைக்கும் சிறைப்பட்டு அங்கேயே இறந்தார். அரசியல் சட்டம் மடிந்தது; அரசு மதமும் அதோடு மடிந்தது. ஆனால் சாசனத்தை அரசு காக்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் நிழல் மடியவில்லை. தளபதிகள் அதைத் தங்கள் வழியில் எடுத்துக்கொண்டார்கள். 1965இல் பிக்குகள் அரசின் பதிவேட்டுக்கு இணங்க மறுத்தபோது கைதுகள் நடந்தன. 1980இல் பிக்குகளின் சங்கம் முழுவதும் அரசு அமைத்த தலைமைக் குழுவின் கீழ் வந்தது. பிக்குகளுக்கு அடையாள அட்டை கட்டாயமாயிற்று. சங்கத்தைச் சுத்தப்படுத்துவது என்ற பெயரில்தான் அது நடந்தது. மதத்தைக் காக்கும் அதிகாரத்தை ஒரு பக்தர் உருவாக்கினால், அதை அவருக்குப் பின் வருகிறவர்களும் வாரிசாகப் பெறுகிறார்கள். அவர்களும் பக்தர்களாக இருப்பார்கள் என்று எந்தச் சட்டமும் உறுதி தராது.

ஊ நூவின் அந்த முதல் பத்து ஆண்டுகளில் வேறொன்றும் நடந்தது. புதிய பர்மாவின் கணக்காயர் தலைவராக இருந்த ஊ பா கின் தன் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தார். 1952இல் ரங்கூனில் ஒரு தியான மையம் தொடங்கினார். அவரிடம் கற்றவர்களில் ஒருவர் மாண்டலேயில் பிறந்த இந்து வணிகர் கோயங்கா. அவர் 1969இல் இந்தியா வந்து விபாசனை என்னும் அந்தத் தியான முறையைப் பரப்பினார். மகாசி சயாதோ என்ற பிக்குவின் தியான முறையும் பல நாடுகளுக்குப் போயிற்று. மகாசியை ரங்கூனுக்கு வரவழைத்தவர்களில் ஊ நூவும் ஒருவர். சங்காயனப் பதிப்பும் நிலைத்தது. யாரையும் கட்டாயப்படுத்தாமல் செய்ததெல்லாம் உலகம் சுற்றியது. சட்டமாக்கியது ஏழே மாதங்களுக்குள் போயிற்று.

இலங்கையின் 1972 அரசியல் சட்டம் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்தபோது, பக்கத்து நாட்டின் இந்த அனுபவம் பத்து ஆண்டுகளே பழையது. அங்குள்ள தமிழர்கள் கேட்டதும் மலைநாட்டார் கேட்ட அதே கேள்விதான். அயர்லாந்தோ அதே 1972இல் பொது வாக்கெடுப்பு நடத்தித் திருச்சபையின் சிறப்பிடத்தைத் தன் சட்டத்திலிருந்து நீக்கியது. அதனால் அயர்லாந்தின் கோயில்களில் மணி ஓசை நின்றுவிடவில்லை.

சிறையிலிருந்து விடுதலையான ஊ நூ வெளிநாடு போய், ராணுவ ஆட்சிக்கு எதிராக ஆயுதப் போராட்டம் ஒன்றை நடத்தித் தோற்று, 1974 முதல் போபாலில் தங்கி, 1980இல் பொது மன்னிப்பில் திரும்பினார். 1995 பிப்ரவரி 14 அன்று ரங்கூனில் காலமானார். ராணுவம் எழுதிய 2008 அரசியல் சட்டத்தின் 361ஆம் பிரிவு பௌத்தத்தின் சிறப்பிடத்தை மறுபடியும் அங்கீகரிக்கிறது. 364ஆம் பிரிவு, மதத்தை அரசியலுக்குத் தவறாகப் பயன்படுத்தத் தடை விதிக்கிறது. அந்த இரண்டு பிரிவுகளும் நடைமுறையில் இருந்த 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம்கள் எல்லையைக் கடந்து வங்கதேசத்துக்கு ஓடினார்கள். ஊ நூவின் ஆட்சிக்காலத்தில் பர்மிய வானொலி அவர்களுடைய மொழியில் நிகழ்ச்சி ஒலிபரப்பிக்கொண்டிருந்தது.