வெளியீட்டு நாளின் அச்சம்

நூலொன்று வெளியாகும் நாளில் அதனை எழுதியவன் அமைதியாயிருப்பது அரிது. உறக்கம் முதல்நாளே விடைபெற்றுவிடும். மண்டபத்தில் எத்தனை பேர் கூடுவர், ஆய்வுரையாளர் என்ன கூறுவர், அச்சகத்துக்குச் செலுத்தவேண்டிய மிச்சப் பணத்துக்கு வழி பிறக்குமா என்ற வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும். இதனை வெறும் நரம்புத் தளர்ச்சி என்று ஒதுக்கிவிடலாகாது. இவ்வச்சத்தினுள் ஓர் அறவியல் வினா அடங்கியிருக்கிறது. எழுத்தாளன் யாருடைய தீர்ப்புக்கு அஞ்சுகிறான்? யாருடைய தீர்ப்புக்கு அஞ்சவேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஹட்டன் நகரில் என் முதற் சிறுகதைத் தொகுதி வெளியான காலையில் நானும் நடுங்கியவனே. கடன்பட்டு அச்சிட்ட 300 பிரதிகள் மேசைமீது அடுக்கப்பட்டிருந்தன. வழமைப்படி முதற் பிரதியைப் பெற ஒரு வர்த்தகர் இசைந்திருந்தார். அவர் தரும் உறையை நம்பியே அச்சகத்துக்குத் தவணை கூறியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்தெடுத்த என் பெரியம்மா பின்வரிசையில் அமர்ந்திருந்தார். என் கை நடுங்குவதைக் கண்டு, "ஏன்டா தம்பி இப்படிப் பதறுற? ஒனக்கு இன்னைக்கு ஒரு நாளுதான் நிறுவை. எங்களுக்கு அன்னாடம் நிறுவைதானே" என்றார்.

அச்சொற்களின் பொருளைத் தோட்டத்தை அறிந்தோர் அறிவர். மழையிலும் அட்டைக்கடியிலும் பறித்த கொழுந்து தராசில் ஏறுகிறது. ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுகிறது. குறித்த அளவுக்குக் குறைந்தால் அன்றைய பேர் அரைப்பேராகிவிடும். தன் உழைப்பை நிறுக்கும் தராசு அவள் கையிலில்லை. எழுத்தாளனுக்கும் அன்று அந்நிலைதான். ஆனால் அவள் அஞ்சுவது அடுப்புக்காக. அவன் பெரும்பாலும் அஞ்சுவது பெயருக்காக. இவ்வேறுபாட்டை மறப்பது நேர்மையாகாது.

பயனில் பற்று வையாதே என்று நம் பெரியோர் கூறுவர். அடிமையாய்ப் பிறந்த கிரேக்க ஞானி எபிக்டெட்டசும், நம் வசத்திலுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் பிரித்தறியுமாறு போதித்தார். இதில் உண்மையுண்டு. அச்சேறிய நூல் நம் வசத்தில் இல்லை. ஆயினும், பயனை எதிர்பாராதே என்று உழைப்பாளியிடம் ஓதியவர்களிற் பலர் அப்பயனைத் தாமே எடுத்துக்கொண்டவர்கள் என்பதை வரலாறு காட்டுகிறது. உழைப்பின் விளைபொருள் உழைத்தவனுக்கே அந்நியமாகி எதிர்நிற்பதை மார்க்ஸ் 1844இல் விளக்கினார். விலைச்சீட்டுடன் மேசைமீது கிடந்த என் நூலும் அன்று எனக்கு அந்நியமாகவே தோன்றியது. ஆகவே அச்சத்தை அடியோடு களைவது நம் வேலையன்று. அது யாரை நோக்கியது என்று தெளிவதே வேலை.

நம் மலையகத்தின் இலக்கிய வரலாறு இதற்குத் துணை நிற்கும். 1940இல் பாடல் நூல் வெளியிட்ட மீனாட்சியம்மை, தொழிலாளர் கூட்டங்களில் தாமே நின்று பாடினார். எழுதியவரும் கேட்டவரும் அங்கே நேர்க்குநேர் நின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவராக்கியது. அவர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் பாடிய நெடுங்கவிதையை அவர்களிற் பெரும்பாலோர் படித்திருக்க முடியாது. சக்தீ பாலையாவின் மொழிபெயர்ப்பால் அது பின்னரே தமிழுக்கு வந்தது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையோ 1960களில் எழுதப்பட்டும், அப்பெயரிலான தொகுதி வெளிவர 1980 வரை காத்திருந்தது. எழுதப்பட்டவர்களுக்கும் எழுத்துக்கும் இடையே எத்துணை இடைவெளி!

என் விழா இனிதே நிறைவெய்தியது. பாராட்டுரைகள் பொழிந்தன. கடனும் ஒருவாறு தீர்ந்தது. கைகொடுத்த வர்த்தகரைக் குறைகூற எனக்கு உரிமையில்லை. ஆனால் பின்வரிசையிலிருந்தவரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து லயத்துக்குச் சென்றேன். பெரியம்மாவுக்கு எழுத்தறிவில்லை, பேத்தி வாசித்துக் காட்டியிருந்தாள். "எல்லாம் சரிதான் தம்பி. அரைப்பேர் போட்டதும் அவ அழுவுறாளே, அதுதான் பொய்யி. நாங்க அங்க அழமாட்டோம். கணக்கப்பிள்ளைகிட்ட சண்டை போடுவோம். அழுவுறது வீட்டுக்கு வந்துதான்" என்றார்.

ஆய்வுரையாளர் எவரும் கூறாத விமர்சனம் அது. படிப்போரின் இரக்கத்தைப் பெறுவதற்காக, போராடும் ஒருத்தியை அழுபவளாக்கியிருந்தேன். லயத்திற் பிறந்து பட்டம் பெற்றவன் என்ற தகுதி அப்பிழையிலிருந்து என்னைக் காக்கவில்லை. விழாநாட் காலையில் நான் அஞ்சியிருக்கவேண்டியது அத்தீர்ப்புக்கு. நானோ நாற்காலிகளின் எண்ணிக்கைக்கு அஞ்சிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, நூல் வெளியிட முனையும் இளைஞர்களுக்கு என் அனுபவத்தில் கண்டது இதுவே. கையெழுத்துப் பிரதி அச்சகத்துக்குப் போகுமுன் அது யாரைப் பற்றியதோ அவர்களிடம் போகட்டும். அவர்கள் முன் உரக்க வாசியுங்கள். அவர்கள் மறுக்கும் இடத்தில் நின்று சிந்தியுங்கள். அவர்கள் சொல்வதெல்லாம் வேதமென்று கூறவில்லை. ஆனால் கேளாமல் எழுதுவதற்கு நமக்கு உரிமையில்லை. அக்கடன் தீர்ந்தபின் மேடையில் வரும் புகழும் இகழும் அத்துணைப் பெரிதாய்த் தோன்றா. கடன்சீட்டும் வெறும் நாற்காலிகளும் அப்போதும் மனத்தை உறுத்தும். அவை தாங்கக்கூடிய துன்பங்களே.

என் அடுத்த தொகுதியின் கதைகளை இப்போது லயத்தில் வாசித்து வருகிறேன். இரண்டு கதைகளைப் பெரியம்மா இன்னும் ஏற்கவில்லை.