முத்தும் பல்லும்

ஹைதராபாத்தில் சார்மினாரை அடுத்த கடைவீதியில் முத்துச்சரம் வாங்குவோர், வீடு திரும்பியதும் ஒரு முத்தை முன்பல்லில் மெல்ல உரசிப் பார்ப்பதுண்டு. கண்ணாடி மணியின்மேல் பளபளப்புப் பூசிய போலி வழுக்கிச் செல்லும்; உண்மை முத்தோ நுண்மணல்போல் சொரசொரக்கும். சிப்பி படலம் படலமாகச் சுரந்து உறையவைத்த சுண்ணப்பொருளின் நுண்தகடுகளே அதற்குக் காரணம். குறையற்ற வழவழப்பே இங்கு போலியின் அடையாளமாவது விந்தைதான்.

ஆயினும் இச்சோதனைக்கு எல்லை உண்டு. சிப்பிக்குள் மனிதர் கருவை வைத்து வளர்த்தெடுக்கும் முத்தும் அவ்வாறே சொரசொரக்கும். தானாக விளைந்ததா, வளர்க்கப்பட்டதா என்பதை அறிய எக்ஸ்-கதிர்ச் சோதனை வேண்டும். பல் மேற்பரப்பை மட்டுமே அறியும். அழுத்தி உரசினால் நல்ல முத்திலும் கீறல் விழும்.

விவேகம் பயிலும் சாதகன் பிறருடைய பக்தியை எடைபோட முற்படும்போது கையாள்வதும் பெரும்பாலும் இத்தகைய சோதனையே. ஒருவர் சினந்து பேசினார், ஒரு மூதாட்டி ஆரத்தியின்போது கண்ணயர்ந்தார். உடனே ‘போலி’ என்று தீர்ப்பு! இனிமையாகப் பேசுபவரோ சோதனைக்கே உள்ளாவதில்லை. அம்மூதாட்டி, இரவெல்லாம் நோயுற்ற கணவரின் அருகில் விழித்திருந்துவிட்டு வந்தவராக இருக்கலாம்.