முடியும் திருநீறும்

அரச கடமை ஒருவரின் தனி அடையாளத்தை விழுங்கிவிடுமா என்ற கேள்வியை 2016 முதல் 2023 வரை வெளிவந்த ‘தி கிரவுன்’ தொடர் விடாமல் எழுப்பியது. தந்தை மறைந்ததும் அரசியாகும் இரண்டாம் எலிசபெத்துக்கு அவருடைய பாட்டி மேரி எழுதும் கடிதம், மனைவியாக வாழ்ந்த பெண்ணுக்கும் முடி தரித்த அரசிக்கும் இனி ஓயாத போராட்டம் நிகழும் என்றும், அதில் முடியே வெல்ல வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. அரசருக்குப் பிறந்து மடியும் இயற்கை உடலோடு, ஆட்சியாக நிலைத்திருக்கும் மற்றோர் உடலும் உண்டு என்ற ஐரோப்பியக் கோட்பாடே இதன் அடித்தளம். எர்ன்ஸ்ட் காண்டொரோவிச் 1957இல் வெளியிட்ட நூலில் அதை விரிவாக ஆராய்ந்தார்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள திருக்கோவலூரை ஆண்டவராகப் பெரியபுராணம் போற்றும் மெய்ப்பொருள் நாயனாரின் வரலாறு, இக்கேள்விக்கு வேறு விடை தருகிறது. போரில் அவரிடம் பலமுறை தோற்ற முத்தநாதன், திருநீறு பூசி, புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை மறைத்து, ஆகமம் உரைக்க வந்த அடியவனாக அரண்மனைக்குள் நுழைந்து, வணங்கிய மன்னரைக் குத்தினான். வாளோங்கிய காவலன் தத்தனை, சாய்ந்து வீழும் நிலையிலும் தடுத்த மன்னர், வந்தவனை இடையூறின்றி ஊருக்கு வெளியே கொண்டுவிடப் பணித்து, அச்செய்தி வரும்வரை உயிர் தாங்கியிருந்தார்.

கொடியவரைக் கொலையால் தண்டிப்பதை வள்ளுவர் செங்கோன்மையிலேயே சேர்த்திருக்க, இம்மன்னர் கடமை தவறினாரா என்று கேட்பது நியாயமே. சைவ சித்தாந்தத்தின் தலைநூலாகிய சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரம், அடியவரின் வேடத்தை, அதாவது நீறும் கண்டிகையும் தாங்கிய புறக்கோலத்தை, சிவனாகவே தொழச் சொல்கிறது. அணிந்தவன் பொய்யனாயினும் கோலம் பொய்யாகாது என்பதே நாயனாரின் துணிவு. ஆனால் அத்துணிவு நிறைவேற அரசாணை தேவைப்பட்டது. முடி தரித்தவரின் சொல்லாக இல்லாவிடில், சினந்து சூழ்ந்த மக்களிடமிருந்து முத்தநாதன் உயிர்தப்பியிருக்க மாட்டான். ஆகவே, இங்கு அரசர் அடியவரை விழுங்கவில்லை. அடியவரே அரசரின் அதிகாரத்தைத் தம் இறுதி வழிபாட்டுக்குக் கருவியாக்கினார்.

இவ்விளக்கம் தத்தனுக்குப் போதாது. தலைவனைக் காப்பதே தொழிலாகக் கொண்டிருந்த அவன், தலைவனைக் கொன்றவனுக்குக் காவலாக நடந்து, மறித்த மக்களிடம் அரசாணையைச் சொல்லி விலக்க வேண்டியிருந்தது. மன்னர் தம் கடமையையும் பக்தியையும் ஒரே ஆணையில் இணைத்தார். அந்த ஆணையைச் சுமந்து நடந்த தத்தனுக்கோ அறுபத்துமூவர் வரிசையில் இடமில்லை.