கிருபைக்குச் சர்டிபிகேட்டு

என் தகப்பனாருக்குத் திருவிருந்து மறுக்கப்பட்டது 1991இல். நான் பிளஸ் டூ முடித்திருந்தேன். சாதிச் சான்றிதழுக்காக அப்பா தாலுகா ஆபீசில் 'இந்து' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இடைசெவலுக்குத் திரும்பினார். கோவில்பட்டியிலிருந்து அவர் பஸ் ஏறி வருவதற்குள் சேதி முந்தி வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பக்கத்து ஊர்ச் சபையில் (பேர் வேண்டாம்) வரிசையில் முழங்கால் போட்டிருந்த அப்பாவைத் தாண்டிப் போனது அப்பமும் கிண்ணமும். "வாயால மறுதலிச்சவனுக்குப் பந்தி கிடையாது" என்றார் அய்யர். அப்பா எழுந்து வந்து பாயில் உட்கார்ந்தார். அழவில்லை. கைதான் பாய்க்கோரையைப் பிய்த்துக்கொண்டே இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பாட்டி வாசலில் அய்யரை மறித்துக்கொண்டாள். எழுத்து வாசனை இல்லாதவள்.

"அய்யரய்யா, கிருபைன்னா தகுதி பாக்காமக் குடுக்கிறதுன்னு நீங்கதான பிரசங்கம் வச்சீக. இப்ப எம் மகங்கிட்ட மட்டும் சர்டிபிகேட்டு கேக்கீகளே?"

அவர் பதில் சொல்லவில்லை. நானும் இத்தனை வருஷமாகப் பதில் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல, விசுவாசத்தால் நீதிமானாகிறான் என்ற உபதேசம் பவுலுடையது. அது பிறந்த இடம் ஒரு சாப்பாட்டுப் பந்தி. இதை நம் சபைகளில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை முகத்துக்கு நேரே கண்டித்தார். கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்தச் சண்டையைச் சொன்ன கையோடுதான் விசுவாசம், கிருபை என்ற பேச்சே வருகிறது. யாரோடு சாப்பிட மாட்டாய் என்பதுதான் அங்கே வழக்கு. இதைச் சேரியில் பிறந்தவனுக்கு விளக்கவுரை வைத்து விளங்கவைக்க வேண்டியதில்லை. டீக்கடையில் எங்கள் தம்ளர் எந்த ஆணியில் தொங்கியது என்று எங்களுக்குத் தெரியும்.

ஆனால் இந்த மண்ணுக்கு வந்ததும் அதே உபதேசம் தலைகீழானது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். 1850இல் சென்னையில் கூடிய மிஷனெரி மாநாடு, சாதியை விட்டதற்கு அடையாளமாக மற்றவர்களோடு சேர்ந்து உண்ண வேண்டும் என்றது. எதிர்த்து நின்றது யார்? விசுவாசத்தால் மட்டுமே இரட்சிப்பு என்று உலகுக்கு உரக்கச் சொன்ன லூத்தரின் பிள்ளைகள். லீப்சிக் மிஷனின் கார்ல் கிரௌல், சாதி என்பது சமூக வழக்கம், அதைச் சட்டம் போட்டு ஒழிக்கக் கூடாது என்று வாதாடினார். கவனித்துப் பாருங்கள். பந்தியில் சேர்ந்து உட்காரச் சொல்வது 'நியாயப்பிரமாணம்' ஆகிவிட்டது. உட்கார மாட்டேன் என்பவனுக்குக் கிருபை துணை நிற்கிறது! பவுல் எதைக் கண்டித்தாரோ அதற்கே பவுலைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

அம்பேத்கரும் இதைத் தொட்டிருக்கிறார். மதம் மாறிய தீண்டத்தகாதவன் தன் துன்பத்துக்கு ஜென்மப் பாவம்தான் காரணம் என்று போதிக்கப்படுகிறான், சூழலைக் கேள்வி கேட்கப் பழக்கப்படுவதில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. எனக்கு அதில் முக்கால்வாசி உடன்பாடு. மீதிக் கால்வாசி என் பாட்டி.

ஏனென்றால் எங்கள் ஆட்களை 'சோத்துக்கு வந்தவுக' என்று இன்றைக்கும் கேலி பேசுகிறார்கள். 1877 பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சி கிடைத்தது, சேர்ந்தார்கள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சம்பாதிக்காமல், தகுதி இல்லாமல், சும்மா கிடைப்பதுதான் கிருபை என்றால், அதைக் கொட்டாங்குச்சியில் ஏந்தி வாங்கியவன்தானே அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன்? பசியில்லாமல் சித்தாந்தத்துக்காகச் சேர்ந்தவன் எந்தவகையில் உசத்தி? கரிசல்காட்டுச் சம்சாரிக்கும் இது தெரியும். உழுது போடலாம், விதைக்கலாம், ஐப்பசி மழை அவன் கையில் இல்லை. ஆனால் ஒன்று. மழை எல்லார் காட்டிலும்தான் பெய்கிறது. காடு யாரிடம் இருக்கிறது? கிருபையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த இரண்டாவது கேள்விக்கு வருவதே இல்லை.

அடுத்தது அரசாங்கத்தின் பிரமாணம். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத மதத்தைக் கைக்கொண்டவர் பட்டியல் சாதியாகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திறக்கவில்லை. 1985இல் சென்னையைச் சேர்ந்த செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர், கிறிஸ்தவரான ஆதிதிராவிடர், உச்சநீதிமன்றம் வரை போய்த் தோற்றார். மதம் மாறிய பிறகும் சாதி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று காட்டினால் போதாதாம், கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கடுமையோடு இழிவு தொடர்கிறது என்று நிரூபிக்க வேண்டுமாம். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே செத்தவர்களைப் பிரித்துச் சுவர் வைத்தார்களே, அதைவிட என்ன நிரூபணம்? 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதப் பூட்டை எடுக்கச் சொன்னது. 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றுச் சபைக்குப் போய்க்கொண்டே பட்டியல் சாதிச் சான்று கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், இது அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்றது உச்சநீதிமன்றம்.

மோசடி. அப்பா செய்ததும் அதுதானா?

இந்த இடத்தில் நான் தப்பித்துக்கொள்ள விரும்பவில்லை. இயேசுவை வாயினால் அறிக்கையிட வேண்டும் என்று ரோமர் நிருபம் பத்தாம் அதிகாரம் சொல்கிறது. வாயால் சொல்லாதே, சொன்னால் உன் பிள்ளைக்குப் படிப்பில்லை என்று ஆணை சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டியவன் சொன்னது பொய்தான். ஆனால் அந்தப் பொய்யை எழுதிக்கொடுத்தது யார்? ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரைந்துவிடும் என்பது அரசாங்கத்தின் பொய். எங்கள் சபையில் சாதியே இல்லை என்பது சபையின் பொய். பெரியவர்கள் சொன்ன இந்த இரண்டு பொய்க்கும் இடையில் ஒதுங்க இடம் தேடி அப்பா மூன்றாவதாகச் சின்னப் பொய் ஒன்று சொன்னார். தண்டனை அவருக்கு மட்டும்.

இப்படி எழுதும்போதே பெரியப்பா முகம் முன்னால் வருகிறது. அப்பாவின் உடன்பிறந்த அண்ணன். அவர் 'கிறிஸ்தவர்' என்றே எழுதிக்கொடுத்தார். பி.சி. சர்டிபிகேட்டுத்தான் கிடைத்தது. அண்ணன்மார் இரண்டு பேருக்கும் காலேஜில் இடம் கிடைக்கவில்லை, தீப்பெட்டி ஆபீசுக்குப் போனார்கள். அக்கா பத்து வயசிலிருந்தே குச்சி அடுக்கியவள். அப்பா செய்தது சரி என்று நான் அடித்துப் பேசினால் அந்த மூன்று பேர் விரல்களுக்கு என்ன பதில் வைத்திருக்கிறேன்? அந்தச் சான்றிதழால் படித்தவன் நான். இதை எழுதும் தமிழும் அதனால் வந்தது.

அய்யர் ஒருவகையில் பெரியப்பாவை முன்மாதிரியாக வைத்துத்தான் அப்பாவைத் தள்ளினார். பிரசங்கத்திலும் சொன்னார், ஒரு வீட்டில் இரண்டு பேர், ஒருவன் சிலுவை சுமந்தான், ஒருவன் இறக்கிவைத்தான் என்று.

அடுத்த மாதத் திருவிருந்து வந்தது. அப்பா பாயில் இருந்தார், போகவில்லை. பெரியப்பாவும் எழுந்திருக்கவில்லை. வரிசை முடிந்தது. அய்யர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரியப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ரெண்டு தரம் கூப்பிட்டார்.

"எந் தம்பிக்கு இல்லாத பந்தி எனக்கு எதுக்கு அய்யரய்யா" என்றார் பெரியப்பா, உட்கார்ந்தபடியே. பிறகு பொம்பளைகள் பக்கம் பாட்டி உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அதுவரை வாயே திறக்காத பெரியம்மாவும் சேலையை இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்தாள்.